மேலுதட்டில் உப்பு: வெள்ளவத்தையில் ஒரு வேப்பரைசர் குழலின் நிகழ்வு ஆய்வு

மார்கழி மழை தொடங்கியதும் யாழ்ப்பாணத்துக் கொக்குவிலிலிருந்து மாமி கொழும்பில் எங்கள் வெள்ளவத்தை வீட்டுக்கு வந்தார். வயது 71. மூக்கடைப்பு அவருக்குப் புதிதல்ல. படுக்குமுன் பத்து நிமிடம் வேது பிடித்தால்தான் நித்திரை வரும் என்பார். அதற்காகப் பாமசியில் வாங்கிய வேப்பரைசர், அதாவது ஆவி பிடிக்கும் மின்சார மெசின் ஒன்றைத் துவாயில் சுற்றிப் பையின் அடியில் வைத்து ரயிலில் கொண்டுவந்திருந்தார். வந்த மூன்றாம் நாள் இரவு குசினிப் பக்கமிருந்து ஒரு சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால் மாமி மேலுதட்டைக் கையால் பொத்திக்கொண்டு நிற்கிறார். மேசையில் மெசின் இன்னும் சீறிக்கொண்டிருந்தது.

பிளக்கைக் கழற்றிவிட்டு அவரைக் குழாயடிக்குக் கூட்டிப்போனேன். 20 நிமிடம் குளிர்ந்த நீர் உதட்டில் ஓடவேண்டும். பற்பசை பூசுவோமா என்று கேட்டார், நான் விடவில்லை. நீர் ஓடிக்கொண்டிருக்கும்போது இடையில் ஒருதரம் நாக்கை நீட்டி உதட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, உப்புக் கரிக்குது."

அந்த நேரம் அதை நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. டிஸ்பென்சரி டொக்டர் பார்த்து, மேலோட்டமான சூட்டுக் காயம், தழும்பு வராது என்றார். ஒன்பது நாளில் ஆறியது. ஆனால் அன்றிரவு படுத்தபின்தான் அந்த வார்த்தை மண்டைக்குள் திரும்பி வந்தது. நீராவியில் உப்பு இருக்காது. கடல் நீரைக் கொதிக்கவைத்தாலும் மேலே போகும் ஆவி நல்ல நீர்தான். உதட்டில் உப்புக் கரித்திருந்தால் உதட்டைச் சுட்டது வெறும் ஆவியல்ல, கொதிநீர். குழலின் வழியே நீர் எப்படி மேலே ஏறியது?

நான் கொழும்பு ஹோட்டல்களிலும் சலவைச் சாலைகளிலும் 27 வருடமாகக் கொதிகலன் பார்க்கிறவன். நீராவியோடு நீர் சேர்ந்து ஏறிவந்து குழாயை உடைத்ததைக் கண்டிருக்கிறேன். ஒரு கோப்பை அளவு பிளாஸ்டிக் கொதிகலன் என் வீட்டுக் குசினியிலேயே அதே வேலையைச் செய்தது மனதை உறுத்தியது. அடுத்த மூன்று வாரம் மாலைகளில் இதைத்தான் நோண்டிக்கொண்டிருந்தேன். என்ன செய்தேன், எங்கே பிழைவிட்டேன் என்பதை ஒழுங்காக எழுதிவைப்பது நல்லது என்று நினைக்கிறேன். இதே மெசின் எத்தனையோ வீடுகளில் இருக்கிறது.

மெசினும் தண்ணீரும்

மாமியின் வேப்பரைசருக்குள் சூடேற்றும் கம்பி கிடையாது. இரண்டு உலோகத் தகடுகள் நேராக நீருக்குள் நிற்கின்றன. மின்சாரம் ஒரு தகட்டிலிருந்து நீரின் ஊடாக மற்றதுக்குப் போகிறது, அந்தப் போக்கில் நீர் சூடாகிறது. அப்படியென்றால் மெசினின் வலுவைத் தீர்மானிப்பது மெசின் அல்ல, நீர். நீரில் கரைந்த உப்புகள் கூடினால் மின்னோட்டம் கூடும், குறைந்தால் குறையும்.

கொக்குவில் கிணற்று நீர் சுண்ணாம்புக் கல்லுக்குள் ஊறி வருவது. கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படியும் அந்த நீரில் மெசின் நன்றாக வேலை செய்திருக்கிறது. கொழும்பின் குழாய் நீரில் பெரும்பகுதி களனி கங்கையில் எடுத்து அம்பத்தலையில் சுத்திகரிக்கப்படுவது, மென்மையான நீர். அதை ஊற்றிப் போட்டால் கிளாம்ப் மீற்றர் 0.2 அம்பியர்தான் காட்டியது. 230 வோல்ற்றுக்கு அது 46 வாட். கொதிக்கக் காத்திருந்தே அலுத்துவிடும்.

மாமிக்கும் முதல் இரண்டு நாள் அலுத்துவிட்டது. பெட்டியில் உள்ள தாளில் ஒரு சிட்டிகை உப்புப் போடலாம் என்று எழுதியிருக்கிறது. மூன்றாம் நாள் அவர் போட்டது மூன்று சிட்டிகை. அதையே போட்டு அளந்து பார்த்தேன்: 4 அம்பியர், 920 வாட். கொழும்பு நீரில் வாங்கியதைவிட இருபது மடங்கு. நீர் கொதித்து ஆவியாகப் போகப்போக உப்பு உள்ளேயே நின்று இன்னும் செறியும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கொதிகலன் வேலையில் இதற்குத்தான் அடிநீரை இடைக்கிடை வெளியே விடுவோம். உப்புச் செறிந்த நீர் நுரைக்கும், நுரை ஆவியோடு சேர்ந்து மேலே ஏறும்.

இன்னொரு விஷயத்தையும் இங்கேயே சொல்லிவிடவேண்டும். இந்த வகை மெசினில் நீரே மின்சாரம் ஓடும் பாதை. பிளக் செருகியிருக்கும்போது அந்த நீரில் விரல் வைக்கக்கூடாது, மூடியைத் திறந்து உப்பு போடவும் கூடாது. என் வீட்டில் 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிட்ச் இருக்கிறது. அது இல்லாத வீட்டில் இந்த மெசினை வைத்திருக்கவே நான் விடமாட்டேன்.

ஸ்காபரோவிலிருந்து வந்த யோசனை

மறுநாள் பெறாமகன் கனடாவின் ஸ்காபரோவிலிருந்து வட்ஸ்அப்பில் கதைத்தான். விஷயத்தைக் கேட்டதும், "சித்தப்பா, அந்தக் குழல் கட்டை. நீளமான கண்ணாடிக் குழல் போடுங்கோ, ஆவி குளிர்ந்து வரும்" என்றான். அவன் சொன்னதில் பொய் இல்லை. ஆனால் அவன் மனதில் இருந்தது வேறு மெசின். அங்கே வேப்பரைசர் என்றால் காய்ந்த மூலிகையைச் சூடான காற்றால் வாட்டி, அதன் வாசனை எண்ணெயை ஆவியாக்கி உறிஞ்சும் கருவி. லவெண்டருக்கு 130 பாகை, தைம் இலைக்கு 190 பாகை என்று அளந்து வைப்பார்கள். அதற்குக் கண்ணாடித் தண்டு உண்மையாகவே உதவும். இரண்டுக்கும் ஒரே பெயர் இருப்பதுதான் குழப்பத்தின் வேர். நானும் அதில் விழுந்தேன்.

கணக்கைப் போட்டுப் பார்த்தால் வித்தியாசம் கண்ணைக் குத்தும். 190 பாகையில் உள்ள ஒரு லீற்றர் உலர்ந்த காற்றின் எடை முக்கால் கிராம்தான். அதை 40 பாகைக்குக் குளிர்விக்க ஏறத்தாழ 115 ஜூல் வெப்பத்தை எடுத்தால் போதும். பத்துக் கிராம் கண்ணாடித் தண்டு அந்த வெப்பம் முழுவதையும் வாங்கிக்கொண்டாலும் 14, 15 பாகைதான் சூடேறும். அதனால் முதல் இழுப்புகள் குளிர்ச்சியாக வரும், தொடர்ந்து இழுத்தால் தண்டு சூடேறிவிடும், ஆறவிட்டால் பழையபடி வேலை செய்யும்.

100 பாகையில் ஒரு லீற்றர் நீராவியை எடுத்துக்கொள்வோம். அதை நீராக ஒடுக்கி 40 பாகைக்குக் கொண்டுவர ஏறத்தாழ 1,500 ஜூலை எடுக்கவேண்டும். வெப்பநிலை 90 பாகை குறைவு, உள்ளே இருக்கும் வெப்பமோ 13 மடங்கு. ஒரு கிராம் நீர் ஆவியாகும்போது விழுங்கிய 2,257 ஜூல் மறைவெப்பம், அது தோலில் ஒடுங்கும்போது அப்படியே தோலில் இறங்குகிறது. புட்டுப் பானை மூடியைத் திறக்கும்போது கையைச் சுடும் ஆவி, அடுப்பின் உலர்ந்த அனலைவிட மோசமாகச் சுடுவது இதனால்தான்.

இதெல்லாம் எனக்குத் தெரியாத விஷயம் இல்லை. இருந்தும் பெறாமகன் சொன்னதைச் செய்து பார்க்க ஆசை வந்தது. மெசினோடு வந்த குழல் 11 சென்ரிமீற்றர் நீளம், 12 மில்லிமீற்றர் உள்விட்டம், நுனியில் முகமூடி மாட்ட ஒரு வளைவு. அதைக் கழற்றிவிட்டு, அதே உள்விட்டத்தில் 30 சென்ரிமீற்றர் கண்ணாடிக் குழாயை சிலிக்கோன் வளையத்தோடு மாட்டினேன். முதலில் வீட்டில் கிடந்த பிவிசி பைப்பைத்தான் எடுத்தேன். பிவிசி 80 பாகைக்குக் கிட்டவே இளகிவிடும் என்று நினைவு வந்து திரும்ப வைத்தேன். ஆவிக்கு அது ஆகாது.

பழைய குழலின் வாயில் வெப்பமானி 99 காட்டியது. கண்ணாடிக் குழலின் வாயிலும் 99.

கண்ணாடி கையில் பிடிக்க முடியாத அளவு சுட்டது, வெளியே வெப்பம் போகிறது என்பது தெளிவு. ஆனால் எவ்வளவு? அந்த நீளக் குழலின் வெளிப்பரப்பிலிருந்து சுற்றியுள்ள காற்றுக்குப் போகக்கூடியது 10 வாட் அளவுதான். உள்ளே வருவது 900 வாட்டுக்கு மேல். நூற்றில் ஒரு பங்கு! அந்த ஒரு பங்கு போனதாலும் ஆவியின் வெப்பநிலை குறையவில்லை, ஏனென்றால் தூய நீராவி ஒடுங்கும்போது முழுவதும் நீராகி முடியும்வரை 100 பாகையிலேயே நிற்கும். போன வெப்பத்துக்குக் கணக்காகக் கொஞ்சம் நீர் குழாய்ச் சுவரில் வழிந்தது, அவ்வளவுதான். கண்ணாடிக்குப் பதில் எவர்சில்வர் குழாய் போட்டாலும் கதை மாறாது. தடையாக இருப்பது குழாய்ச் சுவரல்ல, வெளியே அசையாமல் நிற்கும் காற்றுப் படலம்.

சரி, வெளியே காற்றுக்குப் பதில் ஐஸ் வைத்தால்? செப்புக் குழாயைச் சுருளாக வளைத்து ஐஸ் தண்ணீர் வாளிக்குள் அமிழ்த்தி ஆவியை அதன் வழியே விட்டேன். மறுமுனையில் ஆவியே வரவில்லை. சொட்டுச் சொட்டாகக் காய்ச்சி வடித்த நீர் வந்தது. பார்த்ததும் எனக்கே வெட்கமாகிவிட்டது, இதைத்தான் வாலையில் செய்கிறார்கள். குளிர்ந்த தூய நீராவி என்று ஒன்று வீட்டுக் குசினியில் இல்லை. 45 பாகையில் மூக்குக்கு இதமாக வருவது காற்று. அந்தக் காற்றுக்குள் கொஞ்சம் ஈரம் கலந்திருக்கிறது. ஆகவே ஆவியைக் குளிர்விப்பதற்கு ஒரே வழி அதற்குள் அறைக் காற்றைக் கலப்பது. குழல் செய்யவேண்டிய வேலை அதுதான், நீளத்தில் ஒன்றும் இல்லை.

எவ்வளவு காற்று?

இந்தக் கணக்குத்தான் எனக்குப் பெரிய திகைப்பைத் தந்தது. கொழும்பில் மழைநாள் குசினிக் காற்று 30 பாகை, ஈரப்பதன் நூற்றுக்கு 80 என்று வைத்துக்கொண்டேன். இந்தக் காற்றோடு 100 பாகை நீராவியைக் கலந்து 45 பாகைக்குக் கொண்டுவர, ஒரு கிராம் ஆவிக்கு 20 கிராமுக்கு மேல் காற்று வேண்டும். 200 வாட் மெசின் என்றால் நிமிடத்துக்குச் சுமார் 100 லீற்றர் காற்று. 400 வாட்டுக்கு 190. மாமியின் மூன்று சிட்டிகைக்கு 430 லீற்றருக்கு மேல்.

சும்மா இருக்கும் ஒரு மனிதர் நிமிடத்துக்கு 6 முதல் 8 லீற்றர் காற்றைத்தான் உள்ளே இழுத்து விடுகிறார். அப்படியிருக்க, முகத்தோடு ஒட்டப் பொருந்தும் முகமூடியை மாட்டி, மூச்சாலேயே காற்றைக் கலந்துகொள்ளலாம் என்று நினைப்பது நடக்காத காரியம். மூன்று சிட்டிகை உப்பில் மெசினிலிருந்து நிமிடத்துக்கு 40 லீற்றர் தூய ஆவி தள்ளிக்கொண்டு வருகிறது. முகமூடிக்குள் அது போகும் இடம் மூக்கும் உதடும்தான்.

மருத்துவமனையில் சுவாசக் கருவியில் உள்ள நோயாளிக்குக் கொடுக்கும் காற்றை 37 பாகையில், லீற்றருக்கு 44 மில்லிகிராம் ஈரத்தோடு கொடுக்கிறார்கள். நம் மூச்சுப்பாதை தானாகவே காற்றைக் கொண்டுவரும் நிலை அது. 60 பாகையில் ஈரம் நிறைந்த காற்றில் லீற்றருக்கு 130 மில்லிகிராம் நீராவி இருக்கும், மூன்று மடங்கு. தோலைப் பற்றிய பழைய ஆய்வு ஒன்று, ஹாவர்டில் மொறிட்ஸும் ஹென்றிக்கஸும் 1947-இல் வெளியிட்டது, இன்றும் சூட்டுக் காயக் கணக்குகளுக்கு அடிப்படை. அதன்படி தோலின் வெப்பம் 60 பாகையானால் காயம்பட ஐந்து செக்கன்கள் போதும். 44 பாகைக்கு மணிக்கணக்கு வேண்டும். இடையில் உள்ள இந்த 16 பாகைக்குள்தான் நான் வேலை செய்யவேண்டியிருந்தது.

ஓட்டை போட்டால் காற்று வருமா

பழைய குழலின் பக்கத்தில் 5 மில்லிமீற்றர் ஓட்டை நான்கு துளைத்தேன். உறிஞ்சும் கருவிகளில் இப்படிப் பக்க ஓட்டை வைப்பார்கள், இழுக்கும்போது வெளிக்காற்று உள்ளே வந்து கலக்கும். இங்கே நேர்மாறாக நடந்தது: நான்கு ஓட்டையாலும் ஆவி வெளியே சீறியது. சாம்பிராணிக் குச்சி ஒன்றைப் பற்றவைத்து ஓட்டைக்குப் பக்கத்தில் பிடித்தேன். புகை அப்பால் தள்ளப்பட்டது.

காரணம் எளிது. உறிஞ்சும் கருவியில் காற்றை அசைப்பது நுரையீரல். அதனால் தண்டுக்குள் அழுத்தம் வெளியைவிடக் குறைவு, எந்த ஓட்டையாலும் காற்று உள்ளேதான் வரும். பாமசி மெசினில் அசைப்பது கொதிக்கும் நீர். ஒடுங்கிய குழலுக்குள் அழுத்தம் வெளியைவிடக் கூட, அதனால் ஓட்டை போட்டால் வெளியேதான் போகும். குழலின் வடிவத்தைப் பற்றி யார் எதைச் சொன்னாலும், இழுக்கிற காற்றா தள்ளுகிற காற்றா என்று முதலில் கேட்டுக்கொள்ளவேண்டும்.

1860களில் இங்கிலாந்தில் வந்த நெல்சன் இன்ஹேலர் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. பீங்கான் சாடிக்குள் சுடுநீர், பக்கத்தில் காற்று புக ஒரு மூக்கு, மேலே தக்கையில் செருகிய கண்ணாடிக் குழல். சாடிக்குள் நீர் கொதித்துக்கொண்டிருப்பதில்லை. நோயாளி இழுக்கும்போது மட்டும் வெளிக்காற்று பக்க மூக்கால் புகுந்து, நீரின் மேலாகத் தடவிக்கொண்டு குழலுக்கு வருகிறது. இழுக்காவிட்டால் ஒன்றும் வராது. அந்தக் குழல் ஒடுங்கலாக இருந்தும் ஆபத்தில்லாததற்கு இதுவே காரணம். நம் மெசின்காரர்கள் அந்தக் குழலின் உருவத்தை எடுத்துக்கொண்டு, அடியில் இருந்த பண்பை விட்டுவிட்டார்கள் என்பது என் எண்ணம்.

துளியை இறக்குதல்

இனி உப்புக்கு வருவோம். 920 வாட்டில் செக்கனுக்கு 0.4 கிராம் ஆவி, பருமனில் மூன்றில் இரண்டு லீற்றர். அது 12 மில்லிமீற்றர் குழலுக்குள் போகும் வேகம் செக்கனுக்கு ஏறத்தாழ 6 மீற்றர். அரை மில்லிமீற்றர் நீர்த்துளி காற்றில் தானாக விழும் வேகம் 2 மீற்றர். ஆவி காற்றைவிட ஐதானது என்பதால் அதற்குள் துளி இன்னும் கொஞ்சம் விரைவாக விழும், ஆனாலும் 6 மீற்றர் வேகத்தில் வரும் ஆவி அதைத் தூக்கிக்கொண்டு போய்விடும். துளிகள் வளைவில் மோதித் தேங்கி, தேங்கியது போதுமானதும் ஒரு பிடி கொதிநீராகப் பாயும். மாமி கேட்ட "புளுக்" என்ற சத்தம் அது. ஆவி வரும்போதே இடைக்கிடை அந்தச் சத்தம் வந்ததாக அவர் பிறகுதான் சொன்னார்.

உதட்டை வைத்துச் சோதிக்க முடியாது. நன்றாகத் துடைத்த கறுப்புத் தட்டு ஒன்றைக் குழல் வாய்க்கு மேலே ஒரு நிமிடம் பிடித்து, பிறகு காயவிட்டேன். வெள்ளைப் பொட்டுகள், அம்மைத் தழும்பு போல. அத்தனையும் உப்பு.

பழைய சோனகத் தெருவில் தேடி 40 மில்லிமீற்றர் உள்விட்டத்தில் எவர்சில்வர் குழாய்த் துண்டொன்று வாங்கினேன். வளைவில்லாமல் நேர் செங்குத்தாக, இடைவெளி இல்லாமல் மெசின் வாயில் பொருத்தினேன். விட்டம் மூன்று மடங்குக்கு மேல் கூடியதால் பரப்பு பதினொரு மடங்கு ஆகிறது. வேகம் செக்கனுக்கு அரை மீற்றருக்கு இறங்கியது. இப்போது பெரிய துளிகள் ஏறமுடியாமல் திரும்பி விழும், சுவரில் ஒடுங்கிய நீரும் வழிந்து பாத்திரத்துக்கே போகும். தட்டைக் காயவைத்துப் பார்த்தேன். சுத்தமாக இருந்தது. மறுபடி செய்தேன், மறுபடியும் சுத்தம். அன்றிரவு மாமியைக் கூப்பிட்டு இரண்டு தட்டையும் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். "இவ்வளவு உப்பையோ தம்பி நான் முகத்தில் வாங்கினனான்?" என்று கேட்டார்.

வாயில் வெப்பநிலை மட்டும் இன்னும் 97. துளி போய்விட்டது, வெப்பம் போகவில்லை. இரண்டும் இரண்டு பிரச்சினை என்று அப்போதுதான் தெளிவாகப் பிரிந்தது. அகலம் துளியைத் தீர்க்கும். காற்றுக்கு வேறு வழி வேண்டும்.

புட்டுக்குழல்

அது குசினி அலுமாரியிலேயே இருந்தது. மாமி நீத்துப்பெட்டியில்தான் புட்டு அவிப்பார், மனைவிக்கு அவசரம் என்றால் குழல்புட்டு. எங்கள் குழல் 6 சென்ரிமீற்றர் உள்விட்டம், 20 சென்ரிமீற்றர் உயரம், எவர்சில்வர். அடியில் உள்ள ஓட்டைத் தட்டை எடுத்துவிட்டால் இருபக்கமும் திறந்த புகைபோக்கி.

தடித்த கம்பியில் முக்காலி வளைத்து, மெசின் வாய்க்கு மேலே குழலை நிறுத்தினேன். ஒட்டாமல், கீழே இடைவெளி விட்டு. சூடான ஈரக்காற்று சுற்றியுள்ள காற்றைவிட ஐதானது, அது குழலுக்குள் ஏறும்போது கீழ் இடைவெளியால் அறைக் காற்றைத் தன்னோடு இழுத்துக்கொண்டு ஏறும். லாம்புச் சிமினி வேலை செய்யும் விதம். சாம்பிராணிக் குச்சியை இடைவெளிக்குப் பக்கத்தில் பிடித்தேன். புகை வளைந்து உள்ளே போனது. மூன்று வாரத்தில் எனக்கு ஆகச் சந்தோசமான நிமிடம் அது. வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினேன்.

இடைவெளியின் அளவு முக்கியம். அரை சென்ரிமீற்றர் விட்டபோது மேல்வாயில் 60 பாகைக்கு மேல் காட்டியது. குழலின் வாய்ப்பரப்பு 28 சதுர சென்ரிமீற்றர். சுற்றளவு ஏறத்தாழ 19 சென்ரிமீற்றர், ஆகவே ஒன்றரை சென்ரிமீற்றர் இடைவெளி விட்டால்தான் காற்றுப் புகும் பரப்பு வாய்ப்பரப்புக்குச் சமமாகும். விட்டத்தின் காற்பங்கு. அதற்குக் குறைந்தால் இடைவெளியே கழுத்தை நெரிக்கும். நான் இரண்டரை சென்ரிமீற்றரில் நிறுத்தினேன். அதற்குமேல் உயர்த்தினால் சீலிங் ஃபான் காற்று ஆவியைப் பக்கவாட்டில் தள்ளி, அது குழலுக்குள் போகாமல் தப்பியது.

அப்புறம் மெசின். உப்பு போட்டுக் கூட்டிக் குறைக்கிற இந்த விளையாட்டை முற்றாக நிறுத்தினேன். தகடு மெசினை ஒதுக்கிவிட்டு, முதலாம் குறுக்குத் தெருவில் மூடிய சூடேற்றி உள்ள 200 வாட் மெசின் ஒன்று வாங்கினேன். இதில் நீருக்குள் மின்சாரம் ஓடாது, எந்த நீரை ஊற்றினாலும் வலு மாறாது. அதன் சொந்தக் குழலையும் முகமூடியையும் பெட்டிக்குள்ளேயே விட்டுவிட்டுப் புட்டுக்குழலை மேலே நிறுத்தினேன். நான்கு இரவுகள் அளந்ததில் மேல்வாயில் 46 முதல் 48 பாகை. வாயிலிருந்து 10 சென்ரிமீற்றர் மேலே, முகம் இருக்கும் இடத்தில், 41 அல்லது 42. மழை விட்டுக் காற்று காய்ந்திருந்த இரவில் ஒரு பாகை குறைவு.

இன்னொன்றும் கவனித்தேன். உண்மையான நீராவி கண்ணுக்குத் தெரியாது. வெள்ளையாகத் தெரிவது ஒடுங்கிய நுண்துளிகள். பழைய ஒடுங்கிய குழலை ஒரு சிட்டிகை உப்போடு ஓட்டியபோது வாயிலிருந்து ஒரு விரற்கடை தூரம் ஒன்றும் தெரியாமல், பிறகு வெள்ளையானது. அந்தத் தெரியாத இடம்தான் ஆகச் சூடானது, பிள்ளைகள் விரல் வைப்பதும் அங்கேதான். புட்டுக்குழலின் வாயில் விளிம்பிலிருந்தே வெள்ளை. அறைக் காற்று ஏற்கெனவே கலந்துவிட்டது என்பதற்கு வெப்பமானி இல்லாமல் பார்க்கக்கூடிய அடையாளம் அது.

மாமி வேது பிடிக்கும் முறையும் மாறியது. மெசின் அகலமான பேசினுக்குள் இருக்கும், தட்டுப்பட்டாலும் நீர் மடியில் கொட்டாது. குழலைச் சுற்றித் துவாய். தலைக்கு மேலே போர்வை இல்லை, போர்த்தினால் கீழ் இடைவெளிக்கு வரும் காற்றும் சூடேறிவிடும், மூன்று நிமிடத்தில் 5 பாகை கூடியதை அளந்து பார்த்தேன். தைலம் மெசினுக்குள் போவதில்லை. யூக்கலிப்டஸ் எண்ணெய் சிலவகைப் பிளாஸ்டிக்கை இளக்கும். வாசனை வேண்டுமென்றால் கிண்ணத்தில் இரண்டு நொச்சி இலையைக் கசக்கிப் பக்கத்தில் வைத்துக்கொள்வார்.

பேரப்பிள்ளைகளுக்கு இதைக் கொடுக்கலாமா என்று மாமி கேட்டார். கூடாது என்றேன். 2020-இல் கொரோனாக் காலத்தில் பர்மிங்ஹாம் சிறுவர் மருத்துவமனை மருத்துவர்கள், வேது பிடிக்கப் போய்ச் சுட்டுக்கொண்டு வரும் பிள்ளைகள் வழக்கத்தைவிட 30 மடங்கு கூடியதாக எழுதினார்கள். அநேகமாக எல்லாம் பாத்திரம் கவிழ்ந்தது. தடிமனுக்கு ஆவி நிச்சயமாகக் கேட்கும் என்று காட்டும் உறுதியான சான்றும் இல்லை. வளர்ந்தவர்களுக்கு அது தரும் இதத்தை நான் மறுக்கவில்லை, மாமி நித்திரை கொள்வதைப் பார்க்கிறேன். அந்த இதத்துக்கு 42 பாகை போதும்.

தை பிறந்தபின் மாமி புது மெசினையும் முக்காலியையும் புட்டுக்குழலையும் கொண்டு கொக்குவிலுக்குத் திரும்பினார். எங்களுக்கு வேறு குழல் வாங்கியாயிற்று. அங்கே ஒரு புதுச் சிக்கல் தொடங்கும் என்று முன்னமே சொல்லி அனுப்பினேன்: மூடிய சூடேற்றியில் கிணற்று நீரின் சுண்ணாம்பு படியும், படிந்தால் கொதிக்கச் சுணங்கும், செதில் பெயர்ந்து வாயை அடைக்கும். மாதம் ஒருதரம் பிளக்கைக் கழற்றி ஆறவிட்டு, தேசிக்காய்ப் புளியை நீரில் கரைத்து ஊற்றி ஒரு மணிநேரம் ஊறவைத்துக் கழுவவேண்டும். போன கிழமை கதைக்கும்போது முதல்தரம் கழுவியதாகச் சொன்னார். அடியில் தேக்கரண்டி அளவு வெள்ளைத் தூள் வந்ததாம். மேல்வாயில் பிடித்த தட்டில் ஒன்றும் படியவில்லை என்றும், அதைத் தானாகவே பார்த்ததாகவும் சொன்னார்.